ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்

திண்டுக்கல்லில் பிளாரன்ஸ் டீச்சர் நடத்தும் ஆங்கில வகுப்புக்கு வேலை தேடும் பிள்ளைகள்தான் வருவார்கள். சிங்காரவேலு மட்டும் வேலை பார்த்து ஓய்ந்தவர். பஸ் ஓட்டியவர். டீச்சரைவிட ரொம்பவே மூத்தவர். ஆனால் வகுப்பில் அவரளவுக்குக் கேள்வி கேட்டு உயிரை வாங்க யாருமில்லை.

அன்று வகுப்பு முடிந்தும் அவர் போகவில்லை.

"டீச்சர், 'பை' எப்போ போடணும், 'அன்டில்' எப்போ போடணும்?"

டீச்சர் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு தம்ளர் டீ ஊற்றினார்.

"இதை ஆறு மணிக்குள்ள குடிச்சிடுங்க ஐயா."

ஆறுக்கு இன்னும் நேரமிருந்தது. நாலே மடக்கில் குடித்துத் தம்ளரை வைத்தார். டீச்சர் மறுபடி ஊற்றினார்.

"இதை ஆறு மணி வரைக்கும் குடிங்க."

ஒரு வாய் குடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டார். மறுபடி கடிகாரம். டீ ஆறி ஆடை கட்டியது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அட! குள்ள-ன்னா 'பை'. வரைக்கும்-னா 'அன்டில்'. நம்மகிட்டயே இருக்கே!"

"இருக்கு. இப்போ எதுக்கு அது?"

சிரிப்பு நின்றது. மகன் வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டியபோது இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்தக் கோபம் எப்போதோ போய்விட்டது, வெட்கம்தான் மிச்சம். வகுப்பில் சேர்ந்ததே மருமகளோடு பேசத்தான். இருவரும் இப்போது சென்னை வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறார்கள். மகன் இவர் போனை எடுப்பதில்லை. மருமகளுக்காவது ஒரு வரி அனுப்ப வேண்டும்.

"அந்த வரியை போர்டுல எழுதுங்க."

ஆங்கிலத்தில் எழுதி, வாய்விட்டுப் படித்தார். "ஐ வில் வெயிட் பை சண்டே."

நாக்கைக் கடித்துக்கொண்டு அவரே 'பை'யை அழித்து 'அன்டில்' போட்டார்.

"இப்போ சரியா டீச்சர்?"

"இலக்கணம் சரி. ஞாயித்துக்கிழமை அவங்க வராமலே பிளேன் ஏறிட்டா?"

சிங்காரவேலு சாக்பீஸை விரலுக்குள் உருட்டிக்கொண்டே நின்றார்.

"அப்பவும் வாசலைப் பார்த்துக்கிட்டுதான் இருப்பேன்."

டீச்சர் டஸ்டரை எடுத்தார். கடைசி இரண்டு சொற்களையும் அழித்தார். 'ஐ வில் வெயிட்' மட்டும் போர்டில் நின்றது.

"இதை அனுப்புங்க ஐயா."