வரிசைக்கு வெளியே ஒருவன்

“பிளக்க முடியாத சங்கம் என்று ஒன்று உண்டா, அம்மா?” என்று கேட்டார் தோழர் வடமலை.

பஞ்சாலைச் சங்கத்திலேயே தலை நரைத்தவர் அவர். ஞாயிறுதோறும் இசக்கியம்மையின் மடத்துக்கு வருவார். அங்கே சாமி கிடையாது. எண்களைத்தான் தியானிப்பார்கள். குரு, சீடரைவிட வயதில் மிக இளையவர்.

“இன்றைக்கு என்ன வந்தது?”

“சாயங்காலம் கமிட்டி. சூசையை நீக்கப் போகிறோம். எதைச் சொன்னாலும் குறுக்கே நிற்கிறான். அவனால் சங்கம் உடையும்.”

“முதலாளி உடைக்க மாட்டாரா?”

“அவர் எந்தக் காலத்தில் உடைத்தார்? நாங்கள் உடைப்போம். அவர் துண்டுகளைப் பொறுக்கிக்கொள்வார்.”

இசக்கியம்மை சிரித்தார்.

“கண்ணை மூடுங்கள், தோழர். உங்களோடு சேர்த்து அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தேழு பேரை வரச்சொல்லுங்கள்.”

“அவ்வளவு கூட்டம் நமக்கு வந்ததே இல்லையே.”

“மனசுக்குள்தானே. லாரி வாடகை மிச்சம்.”

வடமலை கண்ணை மூடினார்.

ஆற்று மணலில் மூடுபனி. அதற்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. செத்துப்போனவர்களும் வந்திருந்தார்கள்.

“சம அணிகளாகப் பிரியுங்கள்.”

இரண்டாகப் பிரித்தார். மூன்றாக, ஐந்தாக, ஏழாகப் பிரித்தார்.

“எப்படிப் பிரித்தாலும் மிச்சம் விழுகிறது, அம்மா.”

“விழும். அந்த எண்ணைச் சமமாகக் கூறுபோட ஒருவராலும் ஆகாது. ஆளுக்கொரு அணியாகத் தனித்தனியே நின்றாலொழிய.”

வடமலைக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“சரி, ஊர்வலம் கிளப்புங்கள்.”

சங்கத்து வழக்கம் நால்வர் வரிசை. விசில் ஊதிவிட்டு முன்வரிசையில் தன் இடத்தில் நின்றுகொண்டார். வரிசைகள் பனியின் அந்தக் கோடி வரை போயின. கடைசியில் ஒருவன் மட்டும் தனியே நின்றான்.

சூசை.

“எனக்கு இடமில்லையா, தோழர்?” என்றான், வேட்டியை மடித்துக் கட்டியபடி.

“கோணலாக இருக்கிறது, அம்மா.”

“உங்கள் சங்கம். உங்கள் இஷ்டம்.”

வடமலை கையை அசைத்தார். சூசை பனிக்குள் நடந்து மறைந்தான். நூல் பிடித்த மாதிரி நின்றது ஊர்வலம்.

பிறகு, ஓர் ஆள் குறைந்த அந்த ஊர்வலத்தின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. யாரும் தள்ளவில்லை, யாரும் கத்தவில்லை. சரிபாதி அக்கரைக்குப் போனது. ஓர் ஆள் மிஞ்சவில்லை.

நின்ற பாதியும் பாதியானது. அதுவும் பாதியானது.

“தோழர்களே,” என்றார் வடமலை. பனியில் குரல் ஏறவில்லை.

ஆயிரங்கள் நூறுகளாயின. நூறுகள் கரைந்து நால்வர் நின்ற முன்வரிசை மட்டும் மிஞ்சியது. அதிலும் இருவர் போனார்கள். பக்கத்தில் நின்றவர் அவரோடு சிறையில் கிடந்தவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரும் நடந்தார்.

“கோணல் போய்விட்டதா, தோழர்?”

“போய்விட்டது.”

“வரிசை?”

வடமலை இரண்டு பக்கமும் பார்த்தார்.

“நேராக இருக்கிறது.”

“அப்படியானால் எழுந்திருங்கள். கமிட்டிக்கு நேரமாகிறது.”

வடமலை கண்ணைத் திறக்கவில்லை. சூசை எந்தப் பக்கம் போனான் என்று பனிக்குள் தேடிக்கொண்டிருந்தார்.