முள் ஏறும் வரை

கொடைக்கானலுக்கு மேலே ஒன்பது வளைவு ஏறினால் அந்த ஆசிரமம். மார்கழியில் அங்கே சொன்ன பொய் சித்திரை வரை கெடாது, அப்படிக் குளிர்.

குரு செண்பகவல்லிக்கு நாற்பது வயது. சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபத்துமூன்று. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, ஆவணியில் மலை ஏறி வந்தவர். அவர் குருவை 'அம்மா' என்பார். மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரு, இவரை மட்டும் 'சார்' என்பார்.

ஆசிரமத்தில் ஒரு வழக்கம். சாயங்காலமானால் ஒவ்வொருவரும் தம் மனக்குறையை ஒரு சீட்டில் எழுதிக் கூடத்துக் கணப்பில் போட வேண்டும். பழைய கணப்பு எதைப் போட்டாலும் தின்றது. பாதிப் புகையைக் கூடத்துக்கே திருப்பித் தந்தது. தியானத்தில் கண்ணீர் விடுகிறவர்களில் யாருக்குப் பக்தி, யாருக்குப் புகை என்று சொல்லவே முடியாது.

தை பிறந்ததும் வெளிநாட்டுப் பக்தர் ஒருவர் புது விறகு அடுப்பு அனுப்பினார். இரும்புப் பெட்டி, கண்ணாடிக் கதவு, நெற்றியில் ஒரு வெப்பமானி, பக்கத்தில் ஒரு கைப்பிடி. உள்ளே மேல்பக்கம், தேனடை மாதிரி துளைதுளையாக ஒரு பீங்கான் கட்டி. கூட வந்த நாற்பது பக்கக் கையேட்டை ஏகாம்பரம் மூன்று முறை படித்துவிட்டு, எல்லாரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்.

"இதுக்குப் பேர் வினையூக்கி. விறகை நெருப்பு எரிக்கும். புகையை இது எரிக்கும். முதல்ல கைப்பிடி திறந்திருக்கணும். புகை நேரா குழாய் வழியா வெளியே போகும். வெப்பமானி முள் பச்சைக் கோட்டைத் தாண்டினப்புறம்தான் மூடணும். அப்போ புகை இந்தத் துளைக்குள்ளே புகுந்து எரிஞ்சிடும். சரியா மூடிட்டா பன்னிரண்டு மணி நேரம் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்."

"குறைச் சீட்டு போடலாமா சார்?" என்று கேட்டார் சமையல் பார்க்கும் இருளாண்டி.

"வெள்ளைத் தாள், பென்சில். வழவழப்பு, ஜிகினா எதுவும் கூடாது. துளை அடைச்சுக்கும்."

மறுநாள் இருளாண்டி காலண்டர் தாளில் எழுதி வந்தார். ஏகாம்பரம் அதைப் பிடுங்கிக் கிழித்தார். இருளாண்டிக்கு ஒரு குறை கூடியது.

பத்து நாள் அடுப்பு அருமையாக எரிந்தது. ஆசிரமத்துப் பூனை அதன் முன்னால் படுத்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. எலிகள் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போயின.

பதினோராம் நாள் முள் ஏறவில்லை. கைப்பிடியை மூடியதும் கூடமெல்லாம் புகை. பூனைகூட எழுந்து வெளியே போயிற்று.

அடுப்பை ஆறவிட்டு, மறுநாள் காலையில் திறந்தார்கள். துளைகளில் தங்க ஜிகினா படிந்திருந்தது. குரு ஒரு கொண்டை ஊசியால் ஒரு துணுக்கை எடுத்தார். அரைப் பிள்ளையார்: தும்பிக்கையும் ஒரு மோதகமும்.

"யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை?"

ஏகாம்பரம் சொன்னார்: "என் பையனோடது."

"வெள்ளைத் தாள், பென்சில்," என்றார் இருளாண்டி, ரொம்ப மரியாதையாக.

எல்லாரும் கலைந்து போனார்கள். ஏகாம்பரம் மெல்லிய தூரிகையை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை துளை துளையாகத் துடைத்தார். பிறகு குருவிடம் கேட்டார்.

"எல்லார் குறையும் எரிஞ்சு போயிடுது. என்னோடது மட்டும் ஏன் எரிய மாட்டேங்குது அம்மா?"

"அடுப்பைப் பத்த வைங்க சார்."

பற்ற வைத்தார். தீ பிடித்தது. அவர் கை கைப்பிடிக்குப் போயிற்று.

"மூடிடவா?"

"முள் எங்கே இருக்கு?"

"பாதியிலே. வந்துடும்."

"வரட்டும். பத்திரிகையிலே என்ன தப்பு?"

"என் பேர் இல்லை. பெத்த அப்பன் உயிரோட இருக்கேன், அழைக்கிறவர்னு அவன் தாய்மாமன் பேர் போட்டிருக்கு."

"ஏன் அப்படி?"

"நான்தான் என் பேரைப் போடாதேன்னு சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

"சொன்னா? சொன்னா அப்படியே விட்டுடறதா?"

குரு சிரிக்கவில்லை. இன்னொரு விறகை உள்ளே தள்ளினார்.

"பொண்ணை அவனே பார்த்துக்கிட்டான். ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம் எங்கிட்ட சொன்னான். கோவிச்சுக்கிட்டுக் கிளம்பி வந்துட்டேன். அவ்வளவுதான். அதை நான் விட்டுட்டேன் அம்மா." மறுபடி கைப்பிடியைத் தொட்டார்.

"முள்?"

கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

விறகு வெடித்தது. புகை குழாய் வழியே வெளியே போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டு தடவை போன் பண்ணினான்," என்றார் ஏகாம்பரம். "நான் எடுக்கலை. மூணாவது தடவை பண்ணட்டும், எடுத்துக்கலாம்னு இருந்தேன்."

குரு முள்ளைப் பார்த்தார்.

"பண்ணலை. அதுக்கப்புறம்தான் மலை ஏறினேன். ஞானத்துக்காக வரலை அம்மா."

முள் கோட்டைத் தாண்டியிருந்தது. ஏகாம்பரம் அதைப் பார்க்கவில்லை.

"இப்போ மூடுங்க," என்றார் குரு.

மூடினார். பீங்கான் மெல்லச் சிவந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், புகைக்குழாய்க்கு மேலே வெறும் வானம்.

குரு அலமாரியிலிருந்து ஒரு உறையை எடுத்தார். அதே தங்கப் பிள்ளையார், இந்தத் தடவை முழுசாக.

"எனக்கும் ஒண்ணு வந்தது. நாளைக்குக் காலையிலே பத்தரைக்கு முகூர்த்தம், வத்தலக்குண்டுலே. சுற்றமும் நட்பும் சூழ வரணும்னு போட்டிருக்கு."

"உங்களுக்கு ஏதும்மா சுற்றம்?"

"அதான் யோசிக்கிறேன். காலையிலே ஆறு மணி பஸ்ஸுக்கு இங்கே யார் சும்மா இருக்காங்கன்னு."

ஏகாம்பரம் கைப்பிடி சரியாக மூடியிருக்கிறதா என்று மறுபடி தொட்டுப் பார்த்தார்.

"நான் வந்துட்டா இதை யார் பார்த்துக்கறது? திரும்பி வர சாயங்காலம் அஞ்சாயிடுமே."

"சரியா மூடிட்டா பன்னிரண்டு மணி நேரம் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்னு நீங்கதானே சார் பாடம் நடத்தினீங்க?"