அன்னத்தின் கழுத்தில் ஒரு கோடு

“எவனோ ஒருத்தன் என் அன்னத்தோட கழுத்தை அறுத்துட்டான். அவன் நல்லாவே இருக்க மாட்டான்.”

கடைக்குள் காலை வைக்கும்போதே மாதேஸ்வரன் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் வந்தான். சிபியூவைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்திருந்தான். தோளில் ஒரு புதுப் புடவை துண்டு போலக் கிடந்தது.

சேலத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை அது. நடத்துபவள் ரோஸ்லின். அவளிடம் தொழில் கற்றுக்கொள்பவர் செங்கோடன், அவளைவிட வயதில் நன்றாக மூத்தவர். பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி விற்று ஆளானவர். பேரம் பேச உட்கார்ந்தால், பெட்டியைத் திறக்காமலே அதற்குள் இருக்கும் கோளாறையெல்லாம் வரிசையாகச் சொல்லுவார். விலை தானாக இறங்கும். திறந்து பார்த்தும் சொல்லத் தெரிந்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. வந்துவிட்டார். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

“அன்னமா? இது கம்ப்யூட்டர் கடை தம்பி,” என்றார் செங்கோடன்.

மாதேஸ்வரன் புடவையை மேசையில் விரித்தான். அரக்கு நிறம். உடம்பெல்லாம் மஞ்சளில் சின்னச் சின்ன அன்னங்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் குறுக்கே ஒரு வெட்டு. தலை தனி, உடல் தனி.

“டிசைன் நான் போடறதுங்க. தறி எங்கக்காவுது. கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதைத்தான் தறி நெய்யும். கொஞ்ச நாளா ஸ்கிரீன்ல பச்சையும் ரோஸுமா கோடு விழுது. அழிக்க அழிக்க வருது. திடீர்னு மொத்தமா இருட்டாயிடுது. அந்தக் கோடுதான் புடவையில இறங்கிடுச்சு.”

“அக்கா என்ன சொல்லுது?”

“கம்ப்யூட்டர் மேல பழி போடாதேங்குது. இனிமே வெளியாளை வெச்சு டிசைன் போட்டுக்கறேன்னு சொல்லிடுச்சு. சாயங்காலம் வரைக்கும் தறியை நிறுத்தி வெச்சிருக்கு.” அவன் ரோஸ்லினைப் பார்த்தான். “கம்ப்யூட்டர்தான் பண்ணுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மேடம்.”

செங்கோடனுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. “கிராபிக்ஸ் கார்டு. வேற எதுவும் இல்லை. ஸ்கிரீனுக்குப் படம் அனுப்பறதே அதுதானே? வித்தவன் எவன்? நம்பர் சொல்லு.”

“அண்ணா, இன்னும் ஒயரே சொருகலை,” என்றாள் ரோஸ்லின்.

அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “ஒண்ணு கேக்கணும் வாத்தியாரம்மா,” என்றார். “ஒரு பெட்டிக்குள்ள இத்தனை சாமான் இருக்கு. தப்புப் பண்ணினது எதுன்னு நீங்க எப்படிப் பிடிக்கறீங்க?”

“பிடிக்கறதில்லைண்ணா. ஒவ்வொண்ணா விட்டுட்டே வருவேன்.”

“விட்டுட்டா?”

“கடைசியில எது மிஞ்சுதுன்னு பார்ப்பேன்.”

அவள் கடையின் மானிட்டரை, கடையின் கேபிளால் மாட்டினாள். மாதேஸ்வரனுடைய மானிட்டரும் கேபிளும் அவன் வீட்டில் இருந்தன. ஆனாலும் இங்கே கோடு விழுந்தது.

“அவங்க ரெண்டு பேரையும் விட்டாச்சு,” என்றாள்.

ஏதோ ஒரு படத்தைத் திறந்து, அதை மவுஸால் ஸ்கிரீனில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்தாள். படம் நகர்ந்தது. பச்சைக் கோடும் ரோஸ் கோடும் நின்ற இடத்திலேயே நின்றன.

“என்ன பார்க்கறீங்க?”

“சும்மா. அதுங்க என்ன பண்ணுதுன்னு.”

பிறகு கார்டைக் கழற்றிக் கடையின் பெட்டியில் மாட்டினாள். அங்கேயும் கோடு. கடையின் கார்டு ஒன்றை மாதேஸ்வரனின் பெட்டியில் மாட்டினாள். கோடே இல்லை.

செங்கோடன் தொடையைத் தட்டினார். “சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“ஹாட் ஏர் வெச்சு நல்லா சூடு காட்டிடலாமா?”

சூடு காட்டினால் சில கார்டுகள் எழுந்து உட்காரும். கொஞ்ச நாளில் மறுபடி படுத்துக்கொள்ளும். விற்கிறவனுக்கு அந்தக் கொஞ்ச நாள் போதும். செங்கோடன் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்.

“ஏன் படுத்துச்சுன்னு அதைக் கேக்க வேண்டாமாண்ணா?”

“நீங்க அதைக் கேளுங்க. நான் வித்தவனைக் கேக்கறேன்.”

மாதேஸ்வரனிடம் நம்பர் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். பாதித் தெருவுக்கு அவர் குரல் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

“ஒத்துக்கிட்டான். வேற கார்டு தரேன்னுட்டான்.”

“என்ன ஆச்சுன்னு கேட்டாரா?”

“எங்க கேக்க விட்டேன்?”

ரோஸ்லின் அதற்குள் கார்டின் மேல் இருந்த ஃபேனைக் கழற்றியிருந்தாள். கீழே, காற்று போக வேண்டிய தகடுகளுக்கு நடுவே, கம்பளி மாதிரி ஒரு அடை. இடுக்கியால் நுனியைப் பிடித்து இழுத்தாள். பஞ்சு ஒரே பாளமாகக் கையோடு வந்தது. அதில் அரக்கு இழையும் மஞ்சள் இழையும் பின்னிக் கிடந்தன.

மாதேஸ்வரன் குனிந்து பார்த்தான். “இது எங்க நூலு.”

“கம்ப்யூட்டர் எங்க இருக்கு?”

“தறிக்குப் பக்கத்துலங்க. நெய்யறதைப் பார்த்துக்கிட்டே டிசைன் போடலாம்னு அக்காதான் அங்க...” நிறுத்திக்கொண்டான்.

செங்கோடன் நிமிர்ந்தார். “அப்ப தப்பு அக்கா மேலயா?”

“அண்ணா, அந்த பிரஷ்ஷை எடுங்க.”

எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். “அப்ப அந்த ஆளுக்கு நான் மறுபடி போன் பண்ணணுமோ?”

“பண்ணணும்ணா.”

“கார்டு தரேன்னுட்டானே. எவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசினேன் தெரியுமா?”

“தெருவுக்கே தெரியும்.”

சுத்தம் செய்தாள். சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதியதை வைத்து, கார்டை மறுபடி கடையின் பெட்டியில் மாட்டினாள். ஃபேன் சிரமமில்லாமல் சுற்றியது. கோடு மட்டும் போகவில்லை.

“மூச்சு விட வழியில்லாம ரொம்ப நாள் வெந்திருக்கு. இதோட மெமரி போயிடுச்சு. இனி உதவாது.”

மாதேஸ்வரன் அன்று முதல்முறையாகச் சிரித்தான். “அப்ப கார்டுதான்னு அக்காகிட்ட சொல்லிடலாங்களா?”

“கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லலாம்.”

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே?”

“டிசைனைத் திறங்க, பார்ப்போம்.”

அவனுடைய பெட்டியில் கடையின் கார்டு இருந்தது. டிசைன் திறந்தது. ஸ்கிரீன் கழுவிவிட்டாற்போல இருந்தது. பச்சை இல்லை. ரோஸ் இல்லை. அரக்கு நிறத்தின் மேல் ஒரு மஞ்சள் அன்னம்.

அதன் கழுத்தில் குறுக்கே ஒரு கோடு.



“இந்தக் கார்டும் போச்சா?” என்று எழுந்தார் செங்கோடன். கேபிளை மாற்றினார். மானிட்டரை மாற்றினார். பெட்டியை நிறுத்தி, அலமாரியிலிருந்து வேறு கார்டை எடுத்து மாட்டினார். முன்பெல்லாம் இதற்கு அவருக்கு ஆள் தேவைப்பட்டிருக்கும். ரோஸ்லின் தடுக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அவளுக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடு அங்கேயே இருந்தது.

“ஒவ்வொண்ணா விட்டுட்டேன் வாத்தியாரம்மா,” என்றார் செங்கோடன். நெற்றி வியர்த்திருந்தது. “விடறதுக்கு இனி எதுவும் இல்லை.”

“அந்த அன்னத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க,” என்றாள் அவள் மாதேஸ்வரனிடம்.

மாதேஸ்வரன் மவுஸைப் பிடித்து அன்னத்தை இடது பக்கம் இழுத்தான்.

“இன்னும்.”

இழுத்தான்.

செங்கோடன் ஸ்கிரீனுக்கு அருகில் போனார். “கோடு கூடவே வருது.”

“காலையில பார்த்த கோடு?”

“அது படத்தை எங்க இழுத்தாலும் நின்ன இடத்துலயே நின்னுச்சு. அதுக்குத்தான் இழுத்தீங்களா?” அவர் இன்னும் குனிந்தார். கோபம் எங்கோ போய்விட்டது. “வாத்தியாரம்மா, இது பச்சையும் இல்லை, ரோஸும் இல்லை. இது அரக்கு.”

புடவையை எடுத்து ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அதே அரக்கு.

“பச்சையும் ரோஸும் கொட்டின கார்டுக்கு அரக்கு எங்கிருந்து கிடைச்சுது?”

ரோஸ்லின் மாதேஸ்வரன் பக்கம் திரும்பினாள். “அழிக்க அழிக்க வருதுன்னு சொன்னீங்களே. எதை வெச்சு அழிச்சீங்க?”

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

“டிசைன் போடற சாஃப்ட்வேர்ல இருக்கற ரப்பரை வெச்சுத்தானுங்க,” என்றான். “கழுத்துக்கு மேல ரோஸ் கோடு நின்னுச்சு. அழிச்சேன். போகலை. இன்னும் அழுத்தி அழிச்சேன். அழிச்ச இடமெல்லாம் புடவை நிறமா ஆகும்னு தெரியும். கோடு போகட்டும், அப்புறம் கழுத்தை மறுபடி மஞ்சளாப் போட்டுக்கலாம்னு இருந்தேன்.”

“அப்புறம்?”

“கோடு போகவே இல்லீங்க.”

வெளியே ஒரு டெம்போ பின்னால் வர முடியாமல் ஹாரன் அடித்தது. செங்கோடன் புடவையைப் பார்த்தார். கார்டைப் பார்த்தார். இடுக்கியின் பக்கத்தில் கிடந்த பஞ்சைப் பார்த்தார். திட்டுவதற்கு யாரையாவது தேடுகிறவர் போலத்தான் இருந்தது.

மாதேஸ்வரனின் போன் அடித்தது. அக்கா. அவசரமாக எடுத்ததில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

“என்னடா சொல்றாங்க?” என்றது அந்தக் குரல். கோபமாக இல்லை. களைத்திருந்தது. “யாரு பண்ணினதுன்னு தெரிஞ்சுதா?”

அவன் ரோஸ்லினைப் பார்த்தான். காலையில் கேட்ட அந்த ஒரு வார்த்தையை இப்போது கண்ணால் கேட்டான்.

செங்கோடன் அவள் காதருகே குனிந்தார். “கார்டுன்னு சொல்லிடலாம் வாத்தியாரம்மா. கார்டும் கெட்டதுதானே? பொய் இல்லையே. பாவம், பொழப்பு போயிடும்.”

“டேய், இருக்கியா?” என்றது போன்.

ரோஸ்லின் மவுஸை எடுத்து மாதேஸ்வரனின் கைக்குக் கீழே வைத்தாள்.

“கழுத்தை அறுத்தவனைத்தானே காலையில இருந்து தேடறோம்ணா? ஸ்கிரீன் இப்ப சுத்தமா இருக்கு. அவனை உக்காந்து ஒட்டச் சொல்லுங்க. தறி சாயங்காலம் வரைக்கும்தான் நிக்கும்.”