அஞ்சுகத்தின் இடம்

உதவி ஆய்வாளர் இருதயராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. சட்டத்தில் சந்தேகம் வந்தால் வழக்கறிஞர் மேகலையிடம்தான் ஓடுவார். மேகலைக்கு அவர் வயதில் பாதி இருந்தால் அதிகம். குரு என்று ஆனபின் வயதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

அன்று பேயறைந்த முகத்தோடு மேகலையின் அலுவலகத்துக்கு வந்தார். மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேடம், நாளைக்குப் புயல் கரையைக் கடக்குது. பிளாட்பாரத்துல இருக்கவங்களை முகாமுக்குக் கூட்டிட்டு வந்தோம். அஞ்சுகம்னு ஒரு பூக்காரம்மா மட்டும் வரமாட்டேன்னுச்சு. பெண் போலீசை விட்டுத் தூக்கிட்டு வந்து ரூம்ல பூட்டியிருக்கேன்."

"எந்தப் பிரிவுல சார்?"

"அதான் குழப்பமே. பேரிடர்ச் சட்டம் காப்பாத்துங்குது. அரசியல் சாசனம் சும்மா அடைக்காதேங்குது. படிக்கப் படிக்கத் தலை சுத்துது. திறந்துவிட்டா மரம் விழுந்து செத்துரும். பூட்டி வெச்சா சோறு தின்னாம செத்துரும்."

"ஏன் வரமாட்டேங்குது?"

"ஒரு நாள் எழுந்து வந்தா அந்த இடத்துல வேற ஆள் கடை போட்டுருவாங்களாம். உன்கிட்ட பட்டாவா இருக்குன்னு கேட்டேன். ஒரே அழுகை."

இருதயராஜ் தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

திரும்பி வந்தால் தொப்பி மேசைமேல் கிடந்தது. நாற்காலியில் வேறொரு கட்சிக்காரர்.

"யோவ், எழுந்திரு. அது என் இடம்."

அந்த மனிதர் திருதிருவென்று விழித்தார். "மேடம்தாங்க உட்காரச் சொன்னாங்க."

"பட்டா இருக்கா சார்?" என்றார் மேகலை.

இருதயராஜுக்குச் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. குழப்பம் மட்டும் தீரவில்லை.

"அப்ப திறந்து விட்டுடட்டுமா? புயல்ல போய் உட்காரட்டுமா?"

"முதல்ல பூட்டைத் திறங்க."

"ஓடிருமே, மேடம்!"

மேகலை தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இதை எதுக்கு நாற்காலியில வெச்சுட்டுப் போனீங்க?"

"இடத்தை வேற யாரும் பிடிச்சுக்கக் கூடாதுன்னு."

"அப்ப அந்தம்மாவையும் கூட்டிட்டுப் போய், அவங்க கண்ணு முன்னால இதை அவங்க இடத்துல வைங்க."

இருதயராஜ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடிக்கிற காத்துல இது பறந்துருமே, மேடம்."

"உங்க தலையோட சேர்த்து வைங்க சார்."