செவத்தி கொடுத்த நிழல்

அந்தக் காலத்தில் ஆடுகளும் வாய்விட்டுப் பேசின. மனிதர்களைப் போலவே தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவும் பேசின. அப்படிப் பேசிப் பேசியே செவத்தி என்ற செம்மறியை ஒரு மந்தையே ஓரங்கட்டிவிட்டது.

செவத்தி நல்ல பருமன். அவள் தங்கை மயிலிக்கோ விலா எலும்பு தெரியும். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே கரட்டு மேட்டில் ஒரே புல்லைக் கடித்தவர்கள்தான். செவத்தி அம்மாவைக் கொண்டு பிறந்தாள், மயிலி அப்பாவைக் கொண்டு பிறந்தாள். விஷயம் அவ்வளவுதான். மந்தைக்கு அது போதவில்லை.

“நாம அசந்த நேரத்துல எந்திரிச்சுத் திங்கிறா போல” என்று பேசிக்கொண்டார்கள்.

அதைக் கேட்டுக் கேட்டுச் செவத்திக்கு மேயப் போகவே கூச்சமாகிவிட்டது. பட்டியோரமாகவே படுத்துக் கிடந்தாள். கிடக்கக் கிடக்க உடம்பு இன்னும் ஏறியது. நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. பாவம், கோபப்பட்டால்கூடக் “கொழுப்பு” என்றார்கள்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஆற்றங்கரைக்குப் போனால்தான் பிழைக்கலாம். இடையில் மரமே இல்லாத கரிசல் காடு.

மந்தையை நடத்திப் போகும் காரி என்ற கிடா, “செவத்தி வந்தா எல்லாரும் நின்னு நின்னு போகணும். அவ இங்கயே கெடக்கட்டும்” என்றான்.

செவத்தி தங்கையைப் பார்த்தாள். பச்சைக்குட்டியோடு நின்ற மயிலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றவர்கள் சொன்னதைவிட அதுதான் செவத்திக்கு வலித்தது.

இருந்தாலும் பின்னாலேயே கிளம்பினாள். முதல் நாள் மந்தை படுத்து வெகுநேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தாள். நாள் போகப் போக மூச்சு வாங்குவது குறைந்தது. தொங்கிய சதை கொஞ்சம் கரைந்தது, காலில் உரம் ஏறியது. அம்மா கொடுத்த அகன்ற உடம்பு மட்டும் அப்படியே இருந்தது. அது எங்கே போகும்?

ஒரு நாள் உச்சி வெயிலில் மயிலியின் குட்டி சுருண்டு விழுந்தது.

“நின்னா எல்லாரும் செத்தோம்” என்று காரி நடந்தான். மந்தையும் அவன் பின்னே போய்விட்டது. மயிலி குட்டிக்கு மறைப்பாக நின்று பார்த்தாள். அவளுடைய ஒட்டிய உடம்புக்கு ஒரு கயிற்றின் அகலத்துக்குத்தான் நிழல் விழுந்தது. குட்டிக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

பின்தங்கி வந்த செவத்தி அங்கே வந்து சேர்ந்தாள். குட்டிக்கு மேலே நாலு காலையும் அகட்டி நின்றாள். மூக்கிலிருந்து வால்வரைக்கும் குட்டி நிழலுக்குள் வந்தது.

“அக்கா, ஒன்ன விட்டுட்டுப் போகணும்னு சொன்னப்ப நான் வாயத் தெறக்கலையே” என்றாள் மயிலி.

“அதுக்கு இந்தப் பிள்ள என்ன செய்யும்? நீயும் தலைய உள்ள நீட்டு.”

மயிலி அக்காளின் வயிற்றடியில் தலையை நுழைத்தாள். அங்கே அம்மாவின் வாசம் அடித்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் தாழ்ந்ததும் குட்டி எழுந்து பால் குடித்தது.

ராத்திரி மூவரும் மந்தை படுத்திருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். குட்டி பிழைத்த கதையை மயிலி எல்லாரிடமும் சொன்னாள். மறுநாள் வெயில் ஏறியதும் காரியே செவத்தியிடம் வந்தான்.

“எனக்கும் கொஞ்சம் எடம் இருக்குமா தாயி?”

“குனிஞ்சு வா. ஒன் கொம்பு குத்தும்” என்றாள் செவத்தி.

அன்று முதல்தான், உச்சி வெயிலில் செம்மறிகள் கூடி நின்று ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொள்கின்றன. அது யாருடைய வயிறு, எவ்வளவு பெரியது என்று எந்த ஆடும் கேட்பதில்லை.