நாவல் மரத்தடியில் விழுந்த மாலை

தாமரைக் குளத்தின் கரையில் விலங்குகள் ஒரு சைக்கிள் சங்கம் வைத்திருந்தன. தலைவர் கரடி. சங்கத்தின் நட்சத்திரம், நரி செம்பன். புதிதாகச் சேர்ந்த பொடிசு, அணில் மின்னி.

மின்னிக்குச் சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. சைக்கிள் சட்டத்துக்குள் காலை விட்டுக் குரங்கு பெடல்தான் அடிப்பாள். குரங்குகள் கோபித்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயரை மட்டும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

ஆண்டுதோறும் குளத்தைச் சுற்றிப் பந்தயம் நடக்கும். எதிரி, மலையடிச் சங்கத்துக் கீரி. இதுவரை இரண்டு சங்கமும் சரிக்குச் சரி வென்றிருந்தன. இந்த ஆண்டு ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை நிரந்தரமாகச் சொந்தம்.

"மின்னி, நீ என் பின்னாடியே வா. ஜெயிக்கிறது என் வேலை" என்றான் செம்பன்.

"சரிங்கண்ணே" என்றாள் மின்னி.

கரடிக்கு ஒரு ஆசை உண்டு. ஜெயித்தவர் கழுத்தில் முதல் மாலை தன் கையால்தான் விழவேண்டும். எல்லைக் கயிற்றுக்கு அப்பால் மாலையும் பொன்னாடையுமாக ஒரு பெருங்கூட்டம் முண்டியடிக்கும். அதில் போய் யார் இடிபடுவது? அவர் கயிற்றுக்குச் சற்று முன்பே, நாவல் மரத்தடியில், செவ்வந்தி மாலையோடு நின்றுகொண்டார்.

மயில் அகவியது. பந்தயம் தொடங்கியது. செம்பன் பறந்தான். ஒட்டினாற்போல் மின்னி. கொஞ்சம் தள்ளிக் கீரி. கடைசி வளைவிலும் செம்பன்தான் முதல்.

"வாடா என் சிங்கமே!" என்று கத்தினார் கரடி. கூட்டத்தில் நின்ற சிங்கம் திரும்பிப் பார்த்தது.

செம்பனுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கழுத்தை நீட்டினான். கரடி மாலையை வீசினார். அது கழுத்தில் விழவில்லை, முன் சக்கரத்தில் விழுந்து சுற்றிக்கொண்டது. செம்பனும் சைக்கிளும் சேற்றில் குப்புற விழுந்தார்கள்.

மின்னி சடாரென்று பிரேக் போட்டாள். "அண்ணே, அடிபட்டுடுச்சா? கையைக் கொடுங்க."

பின்னால் கீரியின் மணிச்சத்தம் கேட்டது.

செம்பனுக்கு அழுகை வந்தது. கையைக் கொடுத்தால் எழுந்துவிடலாம். இரண்டு பேரும் சேர்ந்தே தோற்கலாம். தன்னை மட்டும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். கை பாதி நீண்டும் விட்டது. அப்போதுதான் மின்னியின் கண்ணைப் பார்த்தான். கோப்பை நினைப்பே அதில் இல்லை. அண்ணனுக்கு வலிக்குமே என்ற கவலைதான் இருந்தது. அவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

வாயிலிருந்த பூவைத் துப்பினான். "என்னை ஏன் பார்க்கிற? கயித்தைப் பாரு. மிதி, மின்னி, மிதி!"

மின்னி மிதித்தாள். கீரி பக்கத்தில் வந்துவிட்டது. சக்கரத்துக்குச் சக்கரம் உரசியது. கயிறு சைக்கிளில் உட்கார்ந்த நரியின் நெஞ்சு உயரத்துக்குக் கட்டியிருந்தது. கீரி அதை மோதி அறுப்பதற்கு ஒரு மூக்கு முன்னால், மின்னி அடியில் புகுந்து அந்தப்பக்கம் போய்விட்டாள்.

"கயித்தை அறுத்தது நான்தானே?" என்று சண்டைக்கு வந்தது கீரி.

"அறுக்கிறதா பந்தயம்? தாண்டுறதுதான்யா பந்தயம். அணில்தான் ஜெயிச்சுது" என்றது நடுவர் கொக்கு.

குளக்கரையே குதித்தது. செம்பன் சேற்றில் உட்கார்ந்தபடியே கை வலிக்கத் தட்டினான்.

கரடி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "என்னாலதான்டா நீ விழுந்தே. மனசு கேக்கல."

"விடுங்க தலைவரே. நான் எத்தனையோ தடவை ஜெயிச்சிருக்கேன். தலையைக் குனிஞ்சு மிதிச்சதுல, நம்ம சங்கம் ஜெயிக்கிறதை ஒருதடவைகூடப் பார்த்ததில்ல. இன்னிக்குத்தான் பார்த்தேன். இவ்வளவு நல்லாவா இருக்கும்!"

இருவரும் சக்கரத்திலிருந்து மாலையை உருவினார்கள். பாதிதான் மிஞ்சியது. செம்பனே கொண்டுபோய் மின்னிக்குப் போட்டான். அது அவள் கழுத்தில் நிற்காமல் நேரே காலடியில் விழுந்தது. மின்னி மாலைக்கு நடுவில் நின்று சிரித்தாள்.

ஜெயிக்கும் முன்னே மாலைக்குக் கழுத்தை நீட்டுபவர் சறுக்கி விழுவார். விழுந்த பிறகும் தன் கூட்டாளியின் வெற்றிக்கு மனதாரக் கைதட்டுபவருக்கு அந்த வெற்றியில் பங்கு உண்டு.