கிளி, ஆமை, ராக்கெட்

கழுகுமலையில், யாத்திரைக்காரர்கள் தங்கிப் போன பழைய மடம் ஒன்றை உலகம்மை வாடகைக்கு எடுத்து சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருந்தார். மினி பஸ் கண்டக்டர் கையில் வைத்திருக்கும் டிக்கெட் மெஷினுக்குள் என்ன ஓட வேண்டுமோ, அதை எழுதுகிற கம்பெனி.

மடத்தில் உட்கார்ந்திருப்பதால் ஊர்க்காரர்கள் அவரைக் குரு என்றார்கள். அவரிடம் வேலை பார்த்தவர்கள் சீடர்கள் ஆனார்கள். கேலிக்குச் சொன்னதுதான். நாளாவட்டத்தில் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

சீடர்களில் நம்பிராஜன் குருவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவர். மனைவிக்கு இந்தப் பக்கம் மாற்றல் ஆனதும் கூடவே வந்துவிட்டார். அவர் உலகம்மையை "குருவே" என்பார். குரு அவரை "சார்" என்பார்.

இன்னொரு சீடர் ரெஜினா, சின்னப் பெண். எல்லோரும் எழுதியதைச் சேர்த்து பஸ் மெஷின்களுக்கு அனுப்புவது அவள் வேலை. அனுப்பும் முன், அந்தக் காலத்தில் சாப்பாட்டுக்குக் கூப்பிட அடித்த மடத்து மணியை ஒரு அடி அடிப்பாள். மணி கேட்டால் எல்லோரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். அவள் "போயிருச்சு" என்று சொன்ன பிறகுதான் திரும்பத் தொடலாம். மடத்தின் சட்டம் அது.

ஒரு நாள் ரெஜினா அடித்த அதே நேரத்தில் கோயில் மணியும் அடித்தது. எல்லாம் கோயில் மணிதான் என்று நம்பிராஜன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தார். பாதி பழசும் பாதி புதுசுமாகப் போய்ச் சேர்ந்தது. அன்று மினி பஸ்ஸில் ஏறிய அத்தனை பேருக்கும் 'குழந்தை' என்று அரை டிக்கெட் வந்தது. மீசைக்காரர்கள் எல்லாம் குழந்தைகளாகப் போய் இறங்கினார்கள்.

குரு நம்பிராஜனைக் கூப்பிட்டார்.

"இனிமே மணியை நம்பி ஆகாது சார். எழுதினதைத் தானாவே சேர்த்து, சோதிச்சு, அனுப்பி வைக்கிற கருவி எல்லாம் இணையத்துல இருக்குல்லா. யார் எந்த வேலையில இருக்காங்கன்னும் காட்டுமாம். நமக்கு ஏத்ததா ஒண்ணு பாருங்க."

"ஒரு வாரம் கொடுங்க, குருவே."

ஒரு மாதம் ஆயிற்று.

நம்பிராஜன் சும்மா இருக்கவில்லை. பிள்ளைக்கு ஸ்கூல் பை வாங்கப் போனவர் கடையில் உள்ள எல்லா ஜிப்பையும் திறந்து மூடிப் பார்ப்பதுபோல, கிடைத்த கருவியில் எல்லாம் நுழைந்து பார்த்தார். கழித்துக் கழித்துக் கடைசியில் மூன்று நின்றன. ஒன்றுக்குக் கிளிப் படம். ஒன்றுக்கு ஆமை. ஒன்றுக்கு ராக்கெட். மூன்றிலும் இலவசமாகச் சேர்ந்து, மடத்தின் வேலைகள் அத்தனையையும், வேலைக்கு ஒரு கார்டாக, கேட்டவரின் மெயில் விலாசத்தோடு மூன்றிலும் ஏற்றினார்.

தேரோட்டத்துக்கு முந்தின நாள். குரு டிபன் டப்பாவைத் திறந்து வைத்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நம்பிராஜன் லேப்டாப்போடு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"குருவே, கிளியில கலர் நல்லா இருக்கு. ராக்கெட்ல கார்டு வழுக்கிக்கிட்டு நகருது. ஆமை பார்க்கவே நல்லா இல்ல, ரேஷன் கார்டு மாதிரி இருக்கு. ஆனா அதுலயும் சில வசதி இருக்கு. எதை எடுக்கலாம்?"

"கொம்பையா அண்ணாச்சி பட்டன் என்னாச்சு சார்?"

கொம்பையா அண்ணாச்சி மினி பஸ் முதலாளி. மடத்துக்குச் சோறு போடுவது அவர் பஸ்கள்தான். மெஷினில் 'டிக்கெட்' என்ற பட்டனும் 'ரத்து' என்ற பட்டனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, டிக்கெட் பட்டனைப் பெரிதாக்குங்கள் என்று அவர் கேட்டு வெகுநாள் ஆகிறது.

"அது கருவியில இருக்கு, குருவே."

"எதுல?"

"மூணுலயும்."

"சரி, எந்த நிலைமையில இருக்கு?"

நம்பிராஜன் லேப்டாப்பைப் பார்த்தார்.

"கிளியில 'செய்ய வேண்டியது'. ஆமையில 'நடக்கிறது'. ராக்கெட்ல 'முடிந்தது'."

குரு சோற்றுக் கையை நிறுத்தினார்.

"முடிஞ்சிருச்சா?"

"இல்ல குருவே. கார்டு எப்படி நகருதுன்னு பார்க்க நகர்த்திப் பார்த்தேன். முடிந்ததுல வச்ச உடனே திரை பூராவும் பூ தூவுச்சு. நல்லா இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

ரெஜினா மூலையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரை ஏறியது.

அப்போது குருவின் போன் அடித்தது. குரு இடது கையால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ஏம்மா உலகம்மை, என்னைய என்ன கிறுக்கன்னு நெனச்சியா?" கொம்பையா அண்ணாச்சியின் குரல்.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"காலையில மெயிலு வந்துச்சு. 'உங்கள் கோரிக்கை நிறைவேறியது, வாழ்த்துகள்'னு ராக்கெட் படம் போட்டு வந்துச்சு. நானும் அதை நம்பி, கண்டக்டரைக் கூப்பிட்டு அமுக்குடான்னேன். அவன் கட்டைவிரலு வாழைப்பூ தண்டி இருக்கும். அமுக்குனா ரத்து! திரும்ப அமுக்குனா திரும்ப ரத்து! பஸ்ஸுல இருக்கிறவன்லாம் சிரிக்கான். நாளைக்குத் தேரு. அத்தனை கூட்டத்துல எவனுக்கு டிக்கெட்டு, எவனுக்கு ரத்து? மெஷினை எல்லாம் சாக்குல அள்ளிக்கிட்டு சாயங்காலம் வாறேன். எனக்குப் பேப்பர் டிக்கெட்டே போதும், தாயி."

"வாங்க அண்ணாச்சி. பட்டனைப் பார்த்துட்டு அப்புறம் சாக்கை இறக்குங்க."

போன் அணைந்தது. நம்பிராஜன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மெயில் போகும் என்று அவருக்குத் தெரியாது. மூன்று கருவியையும் ஒப்பிட அவர் போட்ட அட்டவணையில் எத்தனையோ வரிசை இருந்தது. யாருக்கு என்ன மெயில் போகும் என்பதற்கு ஒரு வரிசை இல்லை.

"குருவே, ரெஜினாவை மணி அடிக்கச் சொல்லி, பட்டனைக் கையாலேயே அனுப்பிரலாம். கருவியைத் தேருக்கு அப்புறம் பார்ப்போம்."

"நாளைக்குத் தேருன்னா கோயில்ல இன்னைக்கு எத்தனை தடவை மணி அடிப்பாங்க?"

வெளியே அப்போதே ஒரு தடவை அடித்தது.

குரு கை கழுவிவிட்டு வந்தார். நம்பிராஜனின் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். டிக்கெட் கணக்கு எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து, 'பெரியவர்' என்று இருந்த இடத்தில் 'குழந்தை' என்று மாற்றினார். திருப்பி அவரிடம் தள்ளினார்.

"இதை மூணு கருவியிலயும் கொடுத்து, நம்ம சோதனை மெஷினுக்கு அனுப்புங்க."

"குருவே, இது தப்பு."

"தெரியும் சார். நான்தானே பண்ணினேன்."

"அண்ணாச்சி சாக்கோட வர்றாரு. சரியான பட்டனை அனுப்பவே நேரம் இல்ல. தப்பானதைப் போயி…"

"அனுப்புங்க."

அரை டிக்கெட் கூத்துக்குப் பிறகு ரெஜினா சின்னதாக ஒரு சோதனை எழுதி வைத்திருந்தாள். பெரியவருக்கு டிக்கெட் கேட்டால் பெரியவருக்குத்தான் வர வேண்டும். அதை மூன்று கருவியும் ஓட்டிப் பார்க்கும்படி நம்பிராஜன் முன்பே சேர்த்திருந்தார்.

முதலில் கிளி. சோதனையை ஓட்டியது. தப்பு என்று கண்டுகொண்டது. ஓரத்தில் கடுகளவு மஞ்சள் முக்கோணம் ஒன்றை வைத்தது. பிறகு அப்படியே அனுப்பிவிட்டு 'வெற்றி!' என்று பச்சைக் கொடி காட்டியது.

மேஜை மேல் இருந்த சோதனை மெஷின் கிர்ரென்று ஒரு டிக்கெட்டைத் துப்பியது. ரெஜினா கிழித்துப் படித்தாள்.

"குழந்தை, கோவில்பட்டி. வாழ்த்துகள் சார்."

"பழையதைத் திருப்பிக் கொண்டு வாங்க," என்றார் குரு.

நம்பிராஜன் தேடினார். 'பழையதற்குத் திரும்பு' என்று ஒன்று இருந்தது. சாம்பல் நிறத்தில், மேலே பூட்டுப் படத்தோடு இருந்தது. தட்டினால், உயர்ந்த திட்டத்துக்கு மாறுங்கள் என்றது.

"போறதுக்கு வழி இலவசம் போல, வர்றதுக்குத்தான் காசு," என்றாள் ரெஜினா.

அடுத்தது ராக்கெட். அது எதையும் அனுப்பவே இல்லை. அனுப்புவதற்கு வேறொரு கருவியோடு சேர்க்க வேண்டும் என்றது. சேர்க்கப் போனால், உங்கள் அணியில் எத்தனை பேர் என்று கேட்டது. ஐம்பதுக்குக் கீழே தேர்வே இல்லை.

"ஐம்பதுன்னு போடட்டுமா, குருவே?"

"உங்க வீட்டு ஆளுங்களையும் சேர்த்தா வருமா சார்?"

நம்பிராஜன் அதையும் மூடினார்.

கடைசியில் ஆமை. தட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். அது யோசித்துக்கொண்டே இருந்தது. டீ வந்தது. டீயைக் குடித்தார்கள். டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்கள். நம்பிராஜன் வாசலை வாசலைப் பார்த்தார்.

"பேருக்கேத்த மாதிரியே இருக்கு, குருவே."

அப்போது திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. பெரியவர் கேட்டால் குழந்தை வருகிறது. எந்தப் பக்கம், எந்த வரி என்றும் இருந்தது. அதற்குக் கீழே: அனுப்பவில்லை. அதற்கும் கீழே: கடைசியாக மாற்றியவர், நம்பிராஜன்.

"நான் மாத்தலையே!" என்று நம்பிராஜன் பதறினார்.

"உங்க லேப்டாப்ல மாத்தினா வேற யார் பேரு வரும்? திறந்து போட்டு வைக்காதீங்க," என்றார் குரு. "ரெஜினா, பட்டனைப் பெருசாக்கி இதுல கொடு."

ரெஜினா குருவின் குறும்பைச் சரி செய்தாள். டிக்கெட் பட்டனைத் திரையில் பாதி அளவுக்கு இழுத்தாள். ரத்தை மேல் மூலைக்குத் துரத்தினாள். ஆமையிடம் கொடுத்தாள். அது மறுபடியும் நிதானமாக யோசித்தது. இந்தத் தடவை யாரும் முணுமுணுக்கவில்லை. சோதனை மெஷினுக்குச் சரியாகப் போனது. பழையதற்குத் திரும்பச் சொன்னார்கள். பூட்டு எதுவும் இல்லை, திரும்பியது. மறுபடி புதுசு. பிறகுதான் பஸ் மெஷின்களுக்கு அனுப்பினார்கள்.

மணியை யாரும் அடிக்கவில்லை.

சாயங்காலம் கொம்பையா அண்ணாச்சி வந்தார். ஒரு கையில் சாக்கு. பின்னால் அந்தக் கட்டைவிரலோடு கண்டக்டர்.

"அமுக்குடா," என்றார் அண்ணாச்சி.

கண்டக்டர் சாக்கிலிருந்து ஒரு மெஷினை எடுத்து அமுக்கினார். டிக்கெட் வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தது. கண்ணை மூடிக்கொண்டும் அமுக்கிப் பார்த்தார். அண்ணாச்சி டிக்கெட்டை வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"பெரியவர்னு போட்டிருக்கு. நல்லது." சாக்கு கையிலேயே இருந்தது. "அப்போ காலையில ஒண்ணுமே செய்யாம முடிஞ்சதுன்னு ஏன் சொன்னீங்க? இன்னைக்குப் பட்டன். நாளைக்குக் கணக்குலயும் இப்படி முடிஞ்சதுன்னு சொன்னா நான் எதை நம்பி உங்ககிட்ட பஸ்ஸைக் கொடுக்க?"

அண்ணாச்சியே ஒரு வழியும் விட்டார்.

"என்ன, கம்ப்யூட்டரு தானா அனுப்பிட்டாக்கும்?"

ஆமாம் என்று சொன்னால் போதும். பொய்யும் இல்லை. ரெஜினா மோட்டுவளையைப் பார்த்தாள். குரு டிபன் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தானாத்தான் அனுப்புச்சு அண்ணாச்சி," என்றார் நம்பிராஜன். "ஆனா அனுப்ப வச்சது நான்தான். உங்க பட்டன் பக்கமே போகாம, கார்டு எப்படி நகருதுன்னு பார்க்க முடிஞ்சதுல தள்ளி வச்சேன். தப்பு என் பேருல."

அண்ணாச்சி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இதை மத்தியானமே போன்ல சொல்லியிருக்கலாம்லா? என் பஸ்ஸுலயே எனக்கு இடம் கிடைக்காம, சாக்கோட நின்னுக்கிட்டே வந்தேன் வே."

சாக்கைக் கண்டக்டர் தலையில் ஏற்றினார்.

"கொண்டு போயி எல்லாப் பஸ்ஸுலயும் கொடுத்துட்டு வா. தாயி, எனக்கு ஒரு டீ சொல்லு. சீனி வேண்டாம்."

டீ குடித்துவிட்டு அண்ணாச்சி தேருக்குப் போட்டிருந்த கடைகளைப் பார்க்கப் போனார். ரெஜினாவும் கிளம்பினாள். நம்பிராஜன் கிளியிலிருந்தும் ராக்கெட்டிலிருந்தும் தான் சேர்ந்திருந்த கணக்கை நீக்கிவிட்டு, லேப்டாப்பை மூடிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"குருவே, ஒரு மாசமா நான் மூணுக்கும் நல்லதையே கொடுத்துக் கொடுத்துச் சோதிச்சுப் பார்த்தேன், அனுப்பிப் பார்க்கல. ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே தெரியல. தப்பானதைக் கொடுத்துப் பார்க்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

குரு டப்பாவைப் பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டினார்.

"அண்ணாச்சி முன்னாடி தப்பு என் பேருலன்னு நீங்க வாயைத் திறக்கிற வரைக்கும் உங்களையும் எனக்குத் தெரியாது, சார்."